மணக்கோலமும் மண்சுமையும்: கோவில்பட்டி கொண்டையராஜுவின் நாட்காட்டி ஓவியங்கள்

இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ பணியாற்றும் ஆயர் ஒருவர், சபை மக்களின் இல்லங்களுக்குச் செல்லும்போது சுவரில் முதலில் காண்பது பெரும்பாலும் ஒரு நாட்காட்டியே. மக்கள் வழக்கில் அது காலண்டர். மேலே தெய்வத்தின் வண்ணப்படம். அதன் கீழே அதை அன்பளிப்பாக வழங்கிய மளிகைக் கடை, நகைக் கடை அல்லது அடகுக் கடையின் பெயர். அதற்கும் கீழே நாள்தோறும் கிழிக்கப்படும் தாள்கட்டு. கணவன் ஞானஸ்நானம் பெற்று மனைவி பெறாத வீடும், தாய் கோயிலுக்கும் மகள் ஆலயத்துக்கும் செல்லும் வீடும் இப்பகுதியில் அரியவை அல்ல. அத்தகைய வீட்டில் இலட்சுமியும் இயேசுவும் ஒரே சுவரில் இருப்பதைக் கண்டு, அந்தப் படத்தை முதலில் எடுத்துவிடுங்கள் என்று சொல்வதே ஊழியத்தின் தொடக்கம் என ஊழியர் பலர் கருதுகின்றனர்.

எடுக்கச் சொல்லும் அப்படம் எத்தகையது, அதை வரைந்தவர் யார், அது அச்சுவரில் இதுவரை என்ன பணி செய்துவந்தது என்னும் வினாக்கள் எழுவதில்லை. கலைத் திறனாய்வாளர்களும் நாட்காட்டிப் படத்தைக் கடைச்சரக்கு என்று ஒதுக்கிவிடுவதே பெருவழக்கு. இவ்விரு புறக்கணிப்புகளுக்கும் இடையே, தமிழ்நாட்டு நாட்காட்டி ஓவியத்தின் தந்தை என்று கூறத்தக்க சி. கொண்டையராஜுவின் (1898–1976) படைப்பை இங்கு மதிப்பிட முற்படுகிறோம். அவருடைய கலையின் வலிமையும் குறையும் விளங்குமானால், கிறிஸ்தவ இல்லங்களின் சுவர்களைப் பற்றியும் சில உண்மைகள் விளங்கும் என்பது நம் துணிபு.

1. ஓவியர் வந்த வழி

கொண்டையராஜு சென்னையில் பிறந்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்றவர். 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய அப்பள்ளி, மேலைநாட்டு முறையில் ஒளியும் நிழலும் உடற்கூறும் கற்பித்துவந்தது. கொண்டையராஜு அப்பயிற்சியைக் கொண்டு அரசுப் பணி தேடவில்லை. ஆன்மிக நாட்டம் அவரைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுசென்றது. இரமணாசிரமத்தில் தங்கி, மகரிஷியின் உருவத்தை வரைந்தார். பின்னர் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து, மேடைத் திரைகள் தீட்டும் பணியை மேற்கொண்டார். ஊர் ஊராகச் சென்ற அக்குழு 1940களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் கலைந்தபோது, அவர் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலிய மாணவர்கள் அவரைச் சூழ்ந்தனர். மணம் செய்துகொள்ளாத அவருக்கு மாணவர்களே குடும்பம் ஆயினர். அண்மையில் இருந்த சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும், தீப்பெட்டிக்கு ஒட்டும் சீட்டுகளை அச்சிடுவதில் தொடங்கிய அச்சுத் தொழிலும் வளர்ந்துகொண்டிருந்தன. அச்சகங்களுக்குப் படங்கள் தேவைப்பட்டன; கோவில்பட்டி அவற்றை வழங்கியது.

இவ்வரலாற்றில் மூன்று ஊற்றுகள் ஒன்றுகூடுவதைக் காணலாம். ஓவியப் பள்ளி கையைப் பழக்கியது. ஆசிரமம் தரிசனம் என்பதன் பொருளை உணர்த்தியது. நாடகமேடையோ, கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் அரசனின் முகம் தெரிய வேண்டும் என்ற பாடத்தைத் தந்தது. இம்மூன்றனுள் கடைசிப் பாடமே அவர் கலையில் மிகுதியாக வேலை செய்திருக்கிறது.

அவருக்கு முன்னோடி இரவிவர்மா (1848–1906) என்பதை எவரும் அறிவர். புராண மாந்தருக்குக் குருதியும் சதையும் தந்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய இரவிவர்மா, 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, அரண்மனைச் சுவர்களில் இருந்த ஓவியத்தை ஏழையின் சுவருக்குக் கொண்டுவந்தார். ஆயினும் இருவருக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. இரவிவர்மாவின் கதை ஓவியங்களில் மாந்தர் தமக்குள் ஈடுபட்டிருக்கின்றனர். சகுந்தலை முள் எடுப்பவளைப் போலத் திரும்பித் துஷ்யந்தனைத் தேடுகிறாள். தமயந்தி அன்னத்தின் சொல்லுக்குச் செவிசாய்க்கிறாள். நாம் ஒரு கதையை ஓரமாக நின்று பார்க்கிறோம். கொண்டையராஜுவின் தெய்வங்களோ கதையை நிறுத்திவிட்டு நம்மைப் பார்க்கின்றன.

2. ஓவியத்தின் அமைதி

அவர் பெயரை நிலைநிறுத்திய கஜலட்சுமியை எடுத்துக்கொள்வோம். தாமரையில் தேவி, இருபுறமும் யானைகள், நேர்முகமாக நம்மை நோக்கிய விழிகள், வழங்கும் கை. சிற்பியொருவர் தெய்வ உருவத்துக்குக் கடைசியாகவே கண் திறப்பார் என்பது மரபு. கண் திறந்தபின் அது கல் அன்று. அச்சுப் படத்துக்கு அத்தகைய சடங்கு ஏதும் இல்லை. அந்தக் குறையை ஓவியர் விழியின் அமைப்பினாலேயே நிறைவுசெய்ய முயன்றிருக்கிறார். அறையின் எம்மூலையில் நின்று நோக்கினும் தேவி நம்மையே நோக்குவதாகத் தோன்றும். பின்புறத்திலுள்ள பொய்கையும் மண்டபமும் வானமும் நாடகத் திரையின் பண்புடையவை. அவற்றுக்குள் நடந்துசெல்ல இயலாது. தேவியை முன்னே நிறுத்துவதற்காகவே அவை பின்னே நிற்கின்றன. ஆழம் குறைந்த இவ்வமைப்பைப் பயிற்சிக் குறைவு என்று சொல்வது பொருந்தாது. பார்ப்பவருக்கும் தெய்வத்துக்கும் இடையே தொலைவு இருக்கலாகாது என்ற நோக்கமே அதன் காரணம்.

சுப்பையாவோடு இணைந்து அவர் தீட்டிய மீனாட்சி கல்யாணம் இன்னும் நுட்பமான படைப்பு. மதுரைக் கோயிலின் கம்பத்தடி மண்டபத்தில் கல்லில் உள்ள காட்சி அது: திருமால் நீர் வார்த்துத் தங்கையைக் கொடுக்க, சிவன் அவள் கையைப் பற்றுகிறார். மதுரையைக் காணாதவரும் இந்தப் படத்தின் வாயிலாக அக்காட்சியை அறிவர். பச்சை மேனியளான மணமகள் நடுவில் நிற்க, இருபுறமும் இரு பெருந்தெய்வங்கள் நிற்கும் அமைப்பில் ஒரு குடும்பப் புகைப்படத்தின் நெருக்கம் இருக்கிறது. அண்ணன் தாரை வார்த்துத் தரும் தங்கை என்ற உறவு, தமிழ்க் குடும்பத்தின் உள்ளத்தை உடனே தொடுகின்றது. சைவமும் வைணவமும் வாதிட்டுத் தீர்க்காத ஒன்றை இந்தப் படம் ஒரு திருமணத்தில் தீர்த்துவிடுகின்றது. சில நூறு பாடல்களில் சொல்லப்படும் புராணச் செய்தியை எழுத்தறியாத ஒரு தாய், சோறு வடிக்கும் நேரத்தில் ஒரு பார்வையில் பெற்றுக்கொள்கிறாள் என்றால், அது சிறிய கலைத்திறம் அன்று.

நாட்காட்டிக் கலையை மறுத்து வேறு வழி சென்ற ஓவியர்களும் இருந்தனர். எஸ். ராஜம் (1919–2010) அஜந்தா, சித்தன்னவாசல் சுவர்களுக்குத் திரும்பி, கோட்டின் மென்மையில் தெய்வத்தைத் தேடினார். சில்பி (1919–1983) ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகச் சென்று மூலவரையும் சிற்பங்களையும் அளவு பிசகாமல் தீட்டினார். கலை நயத்தில் இவ்விருவரையும் கொண்டையராஜுவுக்கு மேலாக வைப்பவர்களோடு நாம் வழக்காட விரும்பவில்லை. ஆனால் அவர்களுடைய ஓவியங்கள் வாசகரைத் தேடி வந்தவை. கொண்டையராஜுவின் ஓவியம் வாசிக்க அறியாதவரையும் தேடிச் சென்றது.

3. அச்சுவரில் அது செய்யும் பணி

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்தால் மூடப்பட்டிருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டுமே கவசம் நீக்கப்படும். அந்நாட்களில் வடசென்னையே அங்குத் திரளும். மறைந்திருத்தலும் அரிதாக வெளிப்படுதலும் அக்கோயிலின் இறையுணர்வில் உறைந்தவை. அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலோ, தெய்வம் ஆண்டின் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் கவசமின்றிச் சுவரில் இருக்கிறது. பட்டறையில், தேநீர்க் கடையில், எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்காக வரிசையில் காத்துக்கிடக்கும் சரக்கு வண்டியின் ஓட்டுநர் இருக்கைக்கு எதிரில், அதே விழிகள் நோக்குகின்றன. ஆயுதபூசை நாளில் கடைசல் பொறிக்கும் திருகிக்கும் பொட்டிட்டு, அவற்றுக்கு மேலே மாட்டுவதும் பெரும்பாலும் இத்தகைய படமே.

இதைச் சாதி வரலாற்றோடு இணைத்தே நோக்க வேண்டும். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் அ. வைத்தியநாத ஐயரின் தலைமையில் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் வந்தது. அதே பத்தாண்டுகளில்தான் கோவில்பட்டியில் தூரிகைகள் இயங்கத் தொடங்கின. எந்தக் கருவறையின் வாசலில் பாட்டன் தடுக்கப்பட்டானோ, அந்தக் கருவறையின் தெய்வம் பேரனின் குடிசைக்குக் குருக்கள் இல்லாமல், கட்டணம் இல்லாமல், தீட்டு என்ற சொல் இல்லாமல் வந்து சேர்ந்தது. அச்சகத்தார் சமத்துவம் கருதி இதைச் செய்தனர் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் வணிகம் செய்தனர். எனினும், அச்சுப்பொறி செய்த இவ்வேலையின் பொருளைச் சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாமே விரைவில் உணர்ந்திருக்க வேண்டும். தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியபோது, திருமறை பீடத்தைவிட்டு வீட்டுக்கு வந்தது. இடைத்தரகர் இல்லாத அணுகல் என்னும் ஒரே வேட்கை, ஒருபுறம் எழுத்தாகவும் மறுபுறம் படமாகவும் தமிழ் வீடுகளில் நிறைவேறியிருக்கிறது.

ஆதலால், படத்தை அகற்று என்று ஓர் ஊழியர் சொல்லும்போது, அவர் அகற்றச் சொல்வது வெறும் தாள் அன்று. அண்மையில் நின்று தன்னைப் பார்க்கும் ஒருவர் உண்டு என்ற உறுதியையே அவர் கேட்கிறார். அந்த உறுதிக்கு ஈடாக அவர் எதைத் தருகிறார் என்பதே வினா.

4. வணிகம் தெரிந்தெடுத்த புராணம்

வலிமையைச் சொல்லிவிட்டோம், குறையையும் சொல்லியாக வேண்டும். கொண்டையராஜுவின் தெய்வங்களுக்கு வியர்வை இல்லை. தோல் மெழுகுபோல் வழவழப்பானது. கை விரல்கள் எந்தக் கருவியையும் பிடித்துப் பழகாதவை. கால்கள் மண்ணைத் தொடாதவை. சிவந்த கன்னமும் கனத்த நகையும், செல்வர் வீட்டு மணமக்களைத் தெய்வ இலக்கணமாக உயர்த்துகின்றன. அதே சென்னை ஓவியப் பள்ளிக்கு 1929இல் தலைவராக வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை வடித்தவர். பாறையைப் பெயர்க்கும் அந்த நான்கு உடல்களின் நரம்பும் முதுகும் நம் துறைமுகத் தொழிலாளியின் நரம்பும் முதுகுமே. ஒரே பள்ளியோடு தொடர்புடைய இருவருள் ஒருவர் உழைப்பாளியைக் கடற்கரைக்கு அளித்தார். மற்றவர் உழைப்பாளியின் வீட்டுக்குத் தெய்வத்தை அளித்தார். அந்தத் தெய்வத்தின் மேனியில் உழைப்பாளியின் சாயல் ஒரு கோடு அளவும் விழவில்லை.

இக்குறையை இந்துப் புராணத்தின் குறை என்று நம்மவர் சிலர் அவசரமாக முடிவுசெய்வர். அம்முடிவு தவறானது. மீனாட்சியை மணந்த அதே சொக்கர், மதுரைத் திருவிளையாடலில் கூலியாளாகவும் வருகிறார். வைகை பெருகியபோது, வந்தி என்னும் கிழவியின் பங்குக் கரையை அடைக்க, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு தலையில் மண் சுமக்கிறார். வேலை முடியவில்லை என்று பாண்டியன் பிரம்பால் அடிக்க, அந்த அடி அரசன்மேலும் எல்லா உயிர்கள்மேலும் விழுகின்றது. மதுரையில் ஆவணித் திருவிழாவில் இன்றும் அக்காட்சி நினைவுகூரப்படுகின்றது. நஞ்சை உண்டு கறுத்த கழுத்தும், கண்ணப்பன் முன் குருதி வடித்த கண்ணும் அதே மரபின் செல்வங்களே. சுமையும் காயமும் அறிந்த புராணம் இருந்தது. ஆயினும் வணிக நாட்காட்டியில் நிலைபெற்றது மணக்கோலமே, மண்சுமை அன்று.

ஏன்? படத்தின் கீழே உள்ள வெற்றிடம் விடை சொல்கின்றது. அவ்விடம் வணிகரின் பெயருக்காக விடப்பட்டது. நகைக் கடையும் அடகுக் கடையும், அடிபட்ட கூலியாளைத் தம் பெயருக்கு மேலே அச்சிட்டு வாடிக்கையாளருக்கு அன்பளிப்பாகத் தருமா? மங்கலமே விலைபோகும், மங்கலமே வரையப்பட்டது. விளைவாக ஒரு முரண் பிறந்தது. தாலியை அடகுவைத்து வட்டி கட்டும் பெண்ணின் வீட்டில், அடகுக் கடைக்காரர் தந்த இலட்சுமி புன்னகைக்கிறாள். அத்தெய்வம் அவளைப் பார்க்கிறது, அது உண்மை. ஆனால் அவளுடைய கடனைப் பார்க்கிறதா என்று கேட்டால், படத்தில் விடை இல்லை. ஓவியரின் பக்தியை நாம் ஐயுறவில்லை. அவருடைய பக்தி தானே தேர்ந்துகொள்ளாத ஒரு சட்டத்துக்குள் அடைபட்டது என்பதே நம் திறனாய்வு.

5. நம்முடைய பதிற்படங்கள்

இத்திறனாய்வு நம் பக்கமும் திரும்பியாக வேண்டும். இலட்சுமியை எடுத்துவிட்ட சுவரில் பெரும்பாலும் எது மாட்டப்படுகின்றது? அதே சிவகாசியில் அச்சான இயேசு. சிவகாசி அச்சகங்கள் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஒருங்கே நாட்காட்டி அச்சிடுபவை. படத்தின் மூலமோ வேறு கண்டத்தது. அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் 1940இல் வரைந்த கிறிஸ்துவின் தலை, உலகில் ஐம்பது கோடிக்கு மேற்பட்ட படிகளாகப் பரவியது. பொன்னிறம் தழுவிய கூந்தலும் மென்மையான கன்னமும் கொண்ட அம்முகத்தையும், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிக் ஹோஃப்மனின் கெத்செமனே முகத்தையும் ஒட்டியே நம் படங்கள் பல அமைந்துள்ளன. சால்மனின் கிறிஸ்து நம்மைப் பார்ப்பதும் இல்லை; வெளிச்சம் வரும் திசையை நோக்கியிருக்கிறார். கொண்டையராஜுவிடமிருந்து நாம் கற்றிருக்கக்கூடிய அண்மையை விட்டுவிட்டு, அவரிடம் குறையாக இருந்த வழவழப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்று சொன்னால் அது மிகையன்று.

இங்கே இறையியல் இழப்பு ஒன்று நேர்ந்திருக்கிறது. புராணம் பல திருவிளையாடல்களுள் ஒன்றாகச் சொன்ன சுமையை நற்செய்தி தன் நடுவில் வைத்துள்ளது. நாசரேத்தூர்த் தச்சருக்குக் காய்த்துப்போன கைகள் இருந்தன. ஏசாயாவின் ஐம்பத்து மூன்றாம் அதிகாரம் பாடுபடும் ஊழியருக்கு அழகைத் தரவில்லை. யோவான் இருபதாம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த ஆண்டவர் தோமாவுக்குத் தம்மை அடையாளம் காட்டுவது ஒளிவட்டத்தால் அன்று, காயத்தால். கொலோசெயர் முதல் அதிகாரம் கண்ணுக்குப் புலப்படாத கடவுளின் சாயல் என்று அறிக்கையிடுவது அந்தக் காயப்பட்ட உடலையே. இவற்றை வாரந்தோறும் பீடத்தில் பேசிவிட்டு, மெழுகுக் கன்னத்தை நாள்தோறும் வீட்டில் காண விடுகிறோம். மண்சுமையைக் கைவிட்டு மணக்கோலத்தைத் தெரிந்துகொண்ட அதே வணிகம் நம் நாட்காட்டிகளிலும் நடந்திருக்கிறது. நம் படங்களின் கீழும் நன்கொடையாளர் பெயருக்கு இடம் உண்டு.

எண்ணூரின் அண்மைக்கால நிகழ்வுகள் இதை வன்மையாக உணர்த்துகின்றன. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிக் கரையொதுங்கிய எண்ணெய்க் கசடை மனிதர் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுத்தன. அதே மாத இறுதியில் பெரியகுப்பத்து மக்கள் அம்மோனியா வாயுவினால் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினர். எண்ணெய் படிந்த கைகளோடு வீடு திரும்புபவரின் சுவரில் உள்ள தெய்வத்தின் கை, இலட்சுமியின் கையாயினும் இயேசுவின் கையாயினும், கறையே படாதது. இருவேறு சமயங்களின் படங்கள் இந்த ஒரு பொய்யில் உடன்பட்டு நிற்கின்றன.

6. நம் மரபு தரும் வெளிச்சம்

படமே வேண்டாம் என்பது இதற்கு எளிய விடையாகத் தோன்றலாம். யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தின் கட்டளை தெளிவானது. 1563ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் வினாவிடை, எளியோருக்குப் படமே புத்தகம் என்ற வாதத்தையும் மறுத்து, உயிருள்ள பிரசங்கத்தினாலேயே மக்கள் கற்பிக்கப்பட வேண்டும் என்கிறது. இக்குரலை நாம் இலகுவாகத் தள்ள இயலாது. பார்வை எளிதில் உடைமையாகிவிடும். பொன் கன்றுக்குட்டியை வார்த்தவர்கள் புறச்சமயத்தார் அல்லர், மீட்கப்பட்ட மக்களே.

ஆனால் அதே சீர்திருத்தத்தில் வேறொரு குரலும் உண்டு. 1522இல் விற்றன்பர்க்கில் கார்ல்ஸ்டாட் படங்களை அகற்ற முனைந்தபோது, லூத்தர் மறைவிடத்திலிருந்து திரும்பி வந்து, வன்முறையால் சுவரைத் துடைப்பது இதயத்தைத் துடைக்காது என்று போதித்தார். கிறிஸ்துவின் பாடுகளைக் கேட்கும் செவியுடையவனின் உள்ளத்தில் சிலுவையில் தொங்கும் மனிதரின் உருவம் தானே எழும் என்பதும், உள்ளத்தில் எழுவது பாவமல்லவெனில் கண்ணுக்கு முன் இருப்பது எவ்வாறு பாவமாகும் என்பதும் அவர் வாதத்தின் சாரம். 1547இல் விற்றன்பர்க் ஆலயத்தில் வைக்கப்பட்ட கிரனாக்கின் பீட ஓவியத்தில், லூத்தர் பிரசங்க மேடையில் நிற்க, மக்கள் எதிரில் இருக்க, இருவருக்கும் இடையே சிலுவையில் அறையப்பட்டவர் இருக்கிறார். பிரசங்கமும் படமும் ஒன்றையொன்று விரட்டாமல் காயப்பட்டவரைச் சுட்டுவது அங்கே நிகழ்கிறது.

தமிழ் மண்ணிலும் நமக்கு முன்மாதிரி உண்டு. சீகன்பால்கு 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை மக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி முடித்தார். ஐரோப்பாவில் அவரை அனுப்பியவர்கள் அதை அச்சிட விரும்பவில்லை. 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. தெய்வங்களை அவர் ஏற்றுக்கொண்டார் அல்லர். மறுப்பதற்கு முன் அறிய வேண்டும் என்ற கடமையை ஏற்றுக்கொண்டார். அத்தேனேயில் பவுல் உள்ளம் கொதித்தபோதிலும், அந்நகரின் வழிபாட்டு இடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டே பேசத் தொடங்கினார் என்பதையும் அப்போஸ்தலர் பதினேழாம் அதிகாரத்தில் காண்கிறோம்.

7. செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து ஊழியத்துக்குச் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரு வீட்டின் படத்தை அகற்றுவது அந்த வீட்டாரின் விசுவாசத்தின் கனியாக வரவேண்டுமே அல்லாமல், ஆயரின் முதற்கட்டளையாக வரலாகாது. ஞானஸ்நானம் பெறாத மாமியார் மாட்டிய படத்தைப் பெற்ற மருமகள் கழற்றும்போது வீட்டில் எழும் பூசல், நற்செய்தியின் பெயரால் எழுவதாகிவிடும். அப்படம் அவ்வீட்டில் எத்துன்பத்தில் துணைநின்றதாக அவர்கள் கருதுகின்றனர் என்று முதலில் கேட்டறிதல் நலம். கேட்டறிந்தபின் கிறிஸ்துவைப் பற்றிப் பேசும் சொல், வெற்றுச் சுவரை நோக்கி அன்றி உள்ளத்தை நோக்கிப் பேசும்.

இரண்டாவது, இறையியல் கல்லூரிகளில் நம் மாணவர்கள் படம் பார்க்கப் பயில வேண்டும். கிரேக்க வினைச்சொல்லைப் பகுப்பதற்குத் தரும் பொறுமையில் ஒரு பகுதியைக் கொண்டையராஜுவின் ஒரு படத்துக்கும் சால்மனின் ஒரு படத்துக்கும் தருவார்களானால், தாம் பணியாற்றப்போகும் வீடுகளின் மொழியை அவர்கள் முன்னரே கற்றவர் ஆவர்.

மூன்றாவது, நம் சபைகளுக்கு வேறு படங்கள் வேண்டும். வழி இல்லாமல் இல்லை. லுத்தரன் ஆயரும் ஓவியருமான பி. சாலமோன் ராஜ் (1921–2019), மெழுகுச் சாயத் துணியிலும் மரச்செதுக்கிலும் ஒடுக்கப்பட்டோர் நடுவே நிற்கும் இயேசுவைத் தீட்டிக் காட்டியிருக்கிறார். ஆனால் அவருடைய படைப்புகள் நூல்களிலும் கருத்தரங்குகளிலும் அறியப்பட்ட அளவுக்கு இராயபுரத்துச் சுவர்களில் அறியப்படவில்லை. ஏழையின் கிறிஸ்துவை வரைந்த கலை ஏழையின் வீட்டை அடையாமல் நின்றுவிட்டது. கொண்டையராஜுவோ ஏழையின் சாயலே இல்லாத தெய்வத்தை ஒவ்வோர் ஏழையின் வீட்டுக்கும் கொண்டுசேர்த்தார். ஒருவரிடம் உண்மையும் மற்றவரிடம் சென்றுசேரும் வழியும் இருந்தன. இவ்விரண்டையும் இணைப்பது திருச்சபையின் பொறுப்பு. ஒவ்வோர் ஆண்டும் நாட்காட்டி அச்சிடும் நம் பேராயங்களும் சபைகளும் அதே சிவகாசிக்கே செல்லலாம். ஆனால் கையில் வேறொரு படத்தோடு செல்லட்டும். சபையாரை நேருக்கு நேர் நோக்கும் விழிகளும், உழைத்துக் காய்த்த கையும், மறையாத காயமும் உள்ள கிறிஸ்துவின் படமாக அது இருக்கட்டும். கீழே உள்ள வெற்றிடத்தில் எவர் பெயரும் வேண்டாம்.

கொண்டையராஜு 1976இல் கோவில்பட்டியில் காலமானார். அவர் கையொப்பத்தை அறியாத கோடிக்கணக்கானோர் அவர் வரைந்த முகத்தின் முன் கைகூப்பியிருக்கின்றனர். அவருடைய தெய்வங்களை நாம் வணங்குவதில்லை. ஆனால் அவர் அறிந்திருந்த ஒன்றை நாமும் அறிதல் வேண்டும். கடவுள் தன்னைப் பார்க்கிறார் என்ற உறுதி இல்லாமல் துறைமுகத் தொழிலாளி தன் நாளைத் தொடங்க விரும்புவதில்லை. அப்படிப் பார்க்கும் கடவுள் அவனுடைய சுமையைத் தாமும் சுமந்தவர் என்பதைச் சொல்வதற்கே நாம் அழைக்கப்பட்டிருக்கிறோம்.